எட்டாவது பீரியடுக்கு நான் சொன்ன பதில்

என் அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இறைவன் அருளால் நானும் அப்பாவும் இங்கே நலம், அப்பாவின் கடைவாய்ப் பல் ஒன்றைத் தவிர, அதையும் போன வியாழக்கிழமை பிடுங்கியாயிற்று. நீயும் உன் இருமலும் சேர்ந்தே இருக்கிறீர்களா, இல்லை இருமல் போய் நீ மட்டும் சௌக்கியமாக இருக்கிறாயா என்று தெரிந்துகொள்ள ஆவல். போனில் சொல்லக்கூடாதா, எதற்கு இவ்வளவு நீளக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் உனக்கு ஒரு மீட்டிங் வந்துவிடுகிறது, கடிதத்தை அப்படி நடுவில் வெட்ட முடியாது பார். சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, குழாய்க்காரர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி ஒன்பது நாள் ஆகிறது. பக்கத்து வீட்டுத் தையற்காரம்மாவுக்கு இரட்டைப் பேரன்கள், கால் தரையில் படாமல் நடக்கிறாள். வீட்டுச் சேதி அவ்வளவுதான், இனி நான் எழுத வந்த விஷயம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறாமை. இரண்டு மாதமாகப் பொறாமையிலேயே எழுந்து பொறாமையிலேயே படுக்கிறேன். முதலில் குடை சார் மேல், பிறகு உன் மேல். பெற்ற மகள் மேல் ஒருத்தி பொறாமைப்படுவாளா என்று கேட்காதே, படுகிறாள், எழுத்திலேயே ஒத்துக்கொள்கிறேன்.

நம் பள்ளிக்கூட விஷயம்தான். நான் இருபத்தெட்டு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்த இடம், பிள்ளைகளைக் கல்லூரிக்குத் தயார்செய்து அனுப்புவதே எங்கள் வேலை என்று வாசல் பலகையிலேயே எழுதிவைத்திருக்கிற கத்தோலிக்கப் பள்ளி, இப்போது அதற்கே மூச்சு வாங்குகிறது. கூப்பிடு தூரத்தில் இரண்டு புதுப் பள்ளிகள் வந்துவிட்டன, மடத்தில் மூன்றே மூன்று சிஸ்டர்கள்தான் மிச்சம், ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிரிவையே மூடிவிட்டார்கள். ஆகவே இனி வரும் பத்து வருஷத்துக்குப் பள்ளி எப்படி இருக்க வேண்டும் என்று திட்டம் போட புதுத் தலைமை சிஸ்டர் ஒரு குழு அமைத்தார். அதில் குடை சார் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. குடை சாரை மறந்திருக்க மாட்டாய், உனக்குச் சரித்திரம் எடுத்தவர், கட்டடத்துக்குள்ளேயும் குடையோடு நடப்பவர். நானும் அவரும் ஒரே நாளில் ஓய்வு பெற்றவர்கள், ஒரே மாதிரி இரண்டு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். அந்த மனுஷர் அழைப்புக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே நம் வீட்டுக்கு வந்து, உங்களுக்கும் வந்திருக்குமே டீச்சர், தபால்ல லேட்டாகுது போல என்று சொல்லி ஒரு டீயும் குடித்துவிட்டுப் போனார். அந்தக் கப்பை நான் இரண்டு தடவை கழுவினேன். அப்பா வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, உனக்கு வயிறு எரியறது எனக்கு இங்க வரைக்கும் சுடுது, கூட்டத்துக்கு எல்லாரும் வரலாம்னுதானே பூசை முடிஞ்சதும் கோயில்ல வாசிச்சாங்க, போயேன், யாரு கழுத்தைப் பிடிச்சுத் தள்ளப் போறா என்றார்.

வெறும் வயிற்றெரிச்சலில் மட்டும் நான் போகவில்லை. எட்டாவது பீரியடை எடுத்துவிடப் போகிறார்கள் என்று அரசல் புரசலாகக் காதில் விழுந்திருந்தது. ஏழு பீரியடோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளை, மூன்றரை மணிக்கு மேல் இன்னும் ஒரு மணி நேரம் உட்காரவைத்துக் கணக்குப் போடவைத்தது நான்தான் என்று உனக்குத் தெரியும், நீயே நாலு வருஷம் அதில் உட்கார்ந்தவள். எனக்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் என்னுடையது என்று நிற்கப் போவது அது ஒன்றுதான். அதையும் எடுத்துவிட்டால் நான் அங்கே இருந்ததற்கு என்ன அடையாளம் சொல், ஒரு சுவர்க் கடிகாரமா, அதுவும் நம் வீட்டில்தான் தொங்குகிறது. ஆகவே எட்டாவது பீரியட் நடந்த பத்தொன்பது வருஷத்துத் தேர்ச்சி விவரங்களை இரண்டு தாளில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, சனிக்கிழமை காலை பத்து மணிக் கூட்டத்துக்குப் பத்தே காலுக்குப் போனேன். வேண்டுமென்றேதான் தாமதமாகப் போனேன், எல்லாரும் பார்க்கட்டுமே என்று.

நூலகத்தில் மேஜைகளை வட்டமாகப் போட்டு நடுவில் குழு உட்கார்ந்திருந்தது, சுற்றிலும் பெற்றோரும் பழைய மாணவர்களும் வரிசையாக. வட்டத்தில் ஒரே ஒரு நாற்காலி காலி, அதுவும் குடை சாருக்குப் பக்கத்தில். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆக எனக்கும் இடம் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள், அழைப்புத்தான் வழியில் தொலைந்திருக்கிறது என்று நினைத்தேன். நாற்காலி முதுகில் ஒரு பள்ளிப் பை தொங்கியது. யாரோ பிள்ளை மறந்துவிட்டுப் போயிருக்கிறது என்று கை தன்னால் போய்விட்டது, இருபத்தெட்டு வருஷப் பழக்கம். பையைத் திறந்து பெயர் தேடினேன். ஒரே ஒரு நோட்டு இருந்தது, அதில் பெயரும் இல்லை, ஒரு வரி எழுத்தும் இல்லை. எந்த வகுப்புச் சோம்பேறியோ என்று வாய்விட்டே சொல்லி, பையை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு ஜம்மென்று உட்கார்ந்தேன். அது பிள்ளைகள் உட்காரும் குட்டை நாற்காலி, முழங்கால் மேஜையில் இடித்தது, அதைக்கூட நான் கவனிக்கவில்லை. குடை சார் மூன்று தரம் இருமினார். பொறாமையில் இருமுகிறார், நன்றாக இருமட்டும் என்று இருந்துவிட்டேன்.

பிறகுதான் தலைமை சிஸ்டர் மெல்லச் சொன்னார். இந்தக் குழுவுக்கு ஒரு பழக்கமாம். பத்து வருஷம் கழித்து இந்தப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் வந்து சேரப் போகிற ஒரு பிள்ளை, இன்றைக்கு நாலு வயசோ ஐந்து வயசோ இருக்குமே, அந்தப் பிள்ளைக்கென்று ஒவ்வொரு கூட்டத்திலும் பையோடு ஒரு நாற்காலியைக் காலியாக விட்டுவைப்பார்களாம். எதை முடிவு செய்வதானாலும் முதலில் அதைப் பார்த்து ஒரு நிமிஷம் பேசாமல் இருந்து, அந்தப் பிள்ளை என்ன சொல்லும் என்று யோசிப்பார்களாம். நான் போய் உட்கார்ந்தது அதில். முகம் செத்துப்போயிற்று எனக்கு. எழுந்தேன், ஆனால் சிஸ்டர் விடவில்லை, உக்காருங்க டீச்சர், ரெண்டு மாசமா அந்த நாற்காலி வாயே திறக்கல, இன்னைக்காவது பேசட்டும் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய.

அதற்குப் பிறகு குடை சார் எழுந்து, வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பங்களைப் படித்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிற வேலையில் இருக்கும் நம் பழைய மாணவி ஒருவர் நான் கேட்டதும் இரண்டே வாரத்தில் எழுதி அனுப்பினார் என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். இரண்டாவது வரியிலேயே அது நீ என்று தெரிந்துவிட்டது. பெருமையாக இருந்ததா என்று கேள். இல்லை. என்னைக் கேட்காததை உன்னைக் கேட்டிருக்கிறார்கள், நீயும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவருக்குப் பதில் போட்டிருக்கிறாய், என் மகளின் எழுத்தை ஒரு குடை நிறுத்தி நிறுத்தி வாசிக்கிறது. வேகாமல் என்ன செய்யும் எனக்கு? நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிப்பெண்ணில் குறையே இல்லை, ஆனால் இதை ஏன் படிக்க வருகிறாய் என்று கேட்டால் கேள்வி எந்தப் பாடத்தில் இருக்கிறது என்று தேடுகிற முகத்தோடு நிற்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். எட்டாவது பீரியடை நிறுத்துங்கள், அந்த ஒரு மணி நேரத்தைப் பிள்ளைகளிடமே கொடுங்கள், யாராவது உட்கார்ந்து உனக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள் என்று எழுதியிருந்தாய். அந்த அறையில் முக்கால்வாசிப் பேருக்கு அது யாருடைய பீரியட் என்று தெரியும். யாரும் என் பக்கம் திரும்பவில்லை, அதுவே பெரிய திரும்பலாக இருந்தது.

அப்புறம் ஆளாளுக்குப் பேசினார்கள். வேண்டும் என்றவர்கள் பாதி, வேண்டாம் என்றவர்கள் பாதி. பன்னிரண்டரை ஆயிற்று. கடைசியில் சிஸ்டர் என்னைப் பார்த்து, நாற்காலி என்ன சொல்லுது டீச்சர் என்றார். கைப்பையில் இரண்டு தாள் தயாராக இருந்தது, அதை வாசித்தால் அந்த அறையை என் பக்கம் திருப்பியிருப்பேன், எனக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு என்று உனக்குத் தெரியும். ஆனால் இரண்டே கால் மணி நேரமாக அந்தக் குட்டை நாற்காலியில் இருக்கிறேன். இடுப்பு விட்டுப்போயிற்று, பசி காதை அடைத்தது, கடைசி ஒரு மணி நேரம் பேசினதில் ஒரு சொல்லும் எனக்குள் போகவில்லை. வகுப்பில் நான் எப்போதும் நின்றவள், உட்கார்ந்து பார்த்ததே இல்லை. அந்த இடத்தில் இருந்துகொண்டு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பசிக்குது சிஸ்டர், வீட்டுக்குப் போகணும், எட்டாவது பீரியட் வேணாம் என்றேன். முதலில் சிரிப்பு, பிறகு பாதிப் பாதியாக இருந்தவர்கள் வேண்டாம் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். எழுதிக்கொண்டிருந்த ஆபீஸ் கிளார்க் அதையும் எழுதிக்கொண்டார். வருகிற கல்வியாண்டிலிருந்து எட்டாவது பீரியட் கிடையாது. அதற்குப் பதில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுகிற நேரம் வரப்போகிறது, அதை நடத்தப் போவது யார் என்று நினைக்கிறாய், குடை சார்! வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அப்பா, சொந்த வீட்டுக்கே நீயே பூட்டுப் போட்டுட்டு வந்திருக்க, சரி சாப்பிடு என்றார்.

திங்கட்கிழமை போய், என் கோப்பில் வைக்க வேண்டும் என்று சாக்குச் சொல்லி உன் கடிதத்தின் நகலை வாங்கிவந்தேன். நாலு பக்கம். மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்தியைச் சுற்றிப் பென்சிலில் கோடு, குடை சாரின் கை. அதை மட்டும் அவர் கூட்டத்தில் வாசிக்காமல் தாண்டியிருக்கிறார், என்னைப் பார்த்ததும் அப்போதே போட்ட கோடாக இருக்கும். இனி அந்த மனுஷர் மேல் நிம்மதியாகப் பொறாமைப்படவும் வழியில்லாமல் போயிற்று. அந்த வகுப்பை எடுத்தவர் என் அம்மா, வீட்டுக்கு நடந்து போகும்போதும் விட்டுப்போன கணக்கைத்தான் கேட்பார், எனக்கு நிலவியல் படிக்க ஆசை இருந்தது, கணக்கு நோட்டுக்கு அடியில் பாறைகளைப் பற்றிய புத்தகம் ஒன்று இருந்தது, யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். நாலு வருஷம், நாளுக்கு ஒரு மணி நேரம், நாற்பது நோட்டுகளை நடந்து நடந்து பார்த்தவள் நான். உன் நோட்டை மட்டும் தூக்கிப் பார்க்கவில்லை, என் மகள் சரியாகத்தான் போட்டிருப்பாள் என்ற நினைப்பு. உனக்குப் பாறைகள் பிடிக்கும் என்பது பள்ளிக்கூடத்துக் கோப்புக்கு என்னைவிட முன்னால் தெரிந்திருக்கிறது. கோபமாகத்தான் உட்கார்ந்தேன், அழுகைதான் வந்தது. அப்பா போய்க் குழாயைத் திருகிக்கொண்டிருந்தார்.

எட்டாவது பீரியட் போனதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய், இருக்கிறது, கொஞ்ச நாள் இருக்கும். ஆனால் நெஞ்சில் தைத்தது அது இல்லை. நீ ஊரை விட்டுப் போய்ப் பதினோரு வருஷம். எனக்கு வந்ததெல்லாம் நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், அப்புறம் பேசறேன். ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் பொறாமைப்படுவது அந்த நாலு பக்கத்தின் மேல்தான். எனக்கும் எழுது. நான் கேட்காமல் விட்டதையெல்லாம் எழுது, என்னைத் திட்டியாவது எழுது, நான் சிவப்புப் பேனாவைத் தொட மாட்டேன்.

இருமலுக்கு மருத்துவரைப் பார், காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. இறைவன் உன்னோடு இருக்கட்டும், மாதா உனக்குத் துணை நிற்கட்டும், அப்பாவின் ஆசியும் என் ஆசியும் உனக்கு என்றும் உண்டு. மறந்துவிடாதே, பதிலை வீட்டு விலாசத்துக்கு எழுது, பள்ளிக்கூடத்துக்கு இல்லை.

இப்படிக்கு,
கேட்கத் தாமதமாகிப்போன
உன் அம்மா