மோட்டார் ஓடாத வழி

திருப்பாலைவனம்,
18-8-1974

பிரியமுள்ள என் வீட்டுக்காரருக்கு கிரேஸ் எழுதிக்கொண்டது.

நானும் மாமாவும் கர்த்தர் தயவால் சுகமாக இருக்கிறோம். போர்ட் பிளேரில் நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம். உங்கள் கடிதம் கப்பலில் வந்து, மதராஸில் படுத்துத் தூங்கிவிட்டு, பதினெட்டாம் நாள் எங்கள் கைக்குக் கிடைத்தது. வெல்டிங் பொறி பட்ட கைக்கு மருந்து போட்டீர்களா என்று எழுதவே இல்லை. நர்ஸ் பெண்டாட்டியிடமே மறைத்தால் எப்படி?

இங்கே நல்ல மழை இரண்டு பெய்தது. மாமாவின் இருமல் குறைந்திருக்கிறது, ஆனால் பீடி குறையவில்லை. கூரைக்குப் புது ஓலை போட்டாயிற்று.

இப்போது ஒரு விஷயம். படிக்கிறபோது பக்கத்தில் யாரும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நீங்கள் கத்துவீர்கள். பழைய லுங்கியில் சுற்றி, உத்திரத்தில் கயிறு கட்டி, யாரும் தொடக்கூடாது என்று தொங்கவிட்டுப் போனீர்களே உங்கள் சைக்கிள், அதைக் கீழே இறக்கிவிட்டேன். இறக்கிப் பார்ப்பதற்கு மட்டும் இல்லை. மூன்று வாரமாக ஓட்டுகிறேன்.

காரணம் கேளுங்கள். கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஐந்து குப்பங்களையும் டிஸ்பென்சரியில் என் பொறுப்பாகக் கொடுத்துவிட்டார்கள். மணலில் நடந்தே போக வேண்டும். போன மாதம் மட்டும் இரண்டு தடவை, நான் போய்ச் சேருவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. ஒன்று நன்றாக இருக்கிறது. இன்னொன்று தங்கவில்லை. ஒரு மணி நேரம் முன்னால் போயிருந்தால் தங்கியிருக்கும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து படுத்தால் தலைக்கு மேலே உங்கள் சைக்கிள் தொங்குகிறது. இரண்டு சக்கரமும் சும்மா இருக்கிறது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க முடியவில்லை.

எனக்கு ஓட்டத் தெரியும் என்பதே உங்களுக்குத் தெரியாது. திருவள்ளூரில் மிட்வைஃப் டிரெயினிங் படித்தபோது வார்டன் அம்மாவின் லேடீஸ் சைக்கிளில் கற்றுக்கொண்டேன். கல்யாணமான புதிதில் என்னை முன்னால் பாரில் உட்கார வைத்துப் பொன்னேரி பஜாருக்கு அழைத்துப் போவீர்களே, அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் பாரில் ஏற்றமாட்டீர்களோ என்று வாயைத் திறக்கவில்லை.

உங்கள் பழைய காக்கி பேண்ட்டும் என்னிடம்தான் இருக்கிறது. அதை உள்ளே போட்டு, சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகி, ஒரு கல்லின் மேல் நின்றுதான் அந்தப் பாரைத் தாண்டிக் காலைப் போடுகிறேன். மாமாவுக்கு முதல் நாள் மூச்சே நின்றுவிட்டது. "இன்னாம்மா இது, ஊரே சிரிக்கும். பாக்கியநாதன் வந்து கேட்டா நான் இன்னாத்த சொல்றது?" என்றார். நீதானே ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்க்கினு வா என்று சொன்னாய், அதைத்தான் செய்கிறாள் என்று உங்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள் மாமா என்றேன். இரண்டு நாள் சைக்கிளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருக்கிறார்.

புறப்படும்போது ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டீர்கள், லாரி ஓடுகிற ரோட்டுப் பக்கம் போகக்கூடாது என்று. அதை நான் மீறவில்லை. மோட்டார் ஓடாத வழி ஒன்று கண்டுபிடித்துவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் வயல் வரப்பில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால் கால்வாய்க் கரை வந்துவிடும். கரை மேலே வண்டி ஏறக்கூடாது என்று கல் நட்டிருக்கிறார்கள், சைக்கிள் மட்டும் நடுவே நுழையும். அங்கிருந்து நடைபாலத்தைத் தாண்டினால் சவுக்குத் தோப்பு. சருகு விழுந்து மெத்தை மாதிரி கிடப்பதால் சக்கரம் மணலில் புதையாது. தோப்பு முடிந்தால் உமரிச் செடி படர்ந்த சதுப்பு, இரண்டு பக்கமும் தண்ணீர். அதற்கு அப்புறம் கடல். தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்து ஈர மணலில் ஓட்டினால் சிமெண்ட் தரை தோற்றுவிடும்.

அந்த வழியில் ஹார்ன் சத்தமே கிடையாது. எதிரே வருவது எருமைதான். பெல் அடித்தால் நின்று என்னைப் பார்க்கிறதே தவிர நகருவதில்லை. கால்வாயில் கிளிஞ்சல் ஏற்றிய படகு போனால் அதோடு போட்டி போடுவேன், எப்போதும் நான்தான் ஜெயிப்பேன். வேலைக்குப் போகிறவள் இவ்வளவு சந்தோஷமாகப் போகலாமா என்று எனக்கே சில நேரம் வெட்கமாக இருக்கிறது.

கோபம் இருந்தால் அதையும் எழுதி அனுப்புங்கள். கைக்கு மருந்து போடுங்கள்.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள (சிரிக்காதீர்கள்)
கிரேஸ்

திருப்பாலைவனம்,
27-10-1974

பிரியமுள்ளவருக்கு,

எல்லாரும் சுகம். உங்கள் கடிதம் கிடைத்தது. திட்டவில்லை என்பதே ஆச்சரியம். லாரி ரோட்டுக்குப் போகாதே என்று மூன்று இடத்தில் எழுதிக் கீழே கோடும் போட்டிருக்கிறீர்கள். உப்புக்காற்றில் துரு பிடிக்கும், எண்ணெய் போட மறக்காதே என்றும் எழுதியிருந்தீர்கள். எண்ணெய் விஷயத்தில் ஒரு குறையும் இல்லை. தேவைக்கு மேலேயே போட்டாயிற்று.

சைக்கிள் சுகமாக இருக்கிறது. இப்போது பொன்னேரியில் இருக்கிறது. மழைக்காலம் இல்லையா, அதனால்.

முன்சக்கரம் கொஞ்சம் வளைந்தால் தட்டி நிமிர்த்திவிடுவார்கள்தானே? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டேன்.

மழை ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது. அடுத்த கடிதம் பெரிதாக எழுதுகிறேன்.

கிரேஸ்

திருப்பாலைவனம்,
1-12-1974

பிரியமுள்ள என் வீட்டுக்காரருக்கு,

குவார்ட்டர்ஸ் கிடைத்த கடிதம் வந்தது. இரண்டு அறை, குழாய்த் தண்ணீர், வாசலில் இரண்டு தென்னை. ஜனவரிக் கப்பலில் மாமாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு, வேலையை விட்டுவிடு என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு தடவை படித்தேன். அதற்குப் பதில் எழுதும் முன்னால், போன கடிதத்தில் உங்களிடம் பொய் சொன்னதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதினால்தான் எனக்கு மனசு ஆறும்.

சைக்கிள் சுகமாக இல்லை.

அக்டோபர் மூன்றாம் வாரம் ஒரு குப்பத்தில் கங்கம்மாள் என்ற பெண்ணுக்குத் தலைப்பிரசவம். ஆள் வந்து சொன்ன உடனே ஏறி மிதித்தேன். போய்ச் சேர்ந்தபோது குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. பத்து நிமிஷம் தாமதமாகியிருந்தால் போயிருக்கும். பெண் குழந்தை, என்ன குரல் தெரியுமா! வெளியே நின்ற அவள் புருஷன் நாகமுத்துவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உள்ளே வரவும் முடியாது, சும்மா நிற்கவும் முடியாது. சவுக்கு மரத்தில் சாய்த்து வைத்திருந்த சைக்கிள் கண்ணில் பட்டிருக்கிறது. செயினில் துரு.

மீன் எண்ணெய் எடுத்து வந்து சைக்கிள் முழுக்கப் பூசிவிட்டார். செயின், ஹேண்டில் பார், சீட், சக்கர ரிம், பிரேக் கட்டை, ஒன்றையும் விடவில்லை. நாற்றம் வந்தது, குப்பத்தில் எதுதான் நாறாது என்று நானும் ஏறி உட்கார்ந்துவிட்டேன். மதகுப் பக்கம் கரை சரியும் இடம் உங்களுக்குத் தெரியும். அங்கே பிரேக்கைப் பிடித்தால் பிடிக்கவே இல்லை. பெல்தான் அடிக்கிறது. மதகுக் கல்லில் மோதி, சைக்கிள் ஒரு பக்கம், நான் சதுப்பில் இடுப்பளவு சேற்றில்.

எனக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டும், ஆறிவிட்டது. குப்பத்திலிருந்து ஓடி வந்த நாலு பேர் வலைக்கயிறு போட்டு என்னை இழுத்தார்கள். நாகமுத்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "படவுக்குப் பூசறா மாதிரி பூசிட்டேன் நர்சம்மா. உப்புக்காத்துல துரு புடிக்கக் கூடாதேன்னு தான் பூசினேன்" என்றார். நீங்கள் எழுதிய அதே வார்த்தை! அவரை எப்படித் திட்டுவது? எனக்குச் சிரிப்புதான் வந்தது, சேறோடு நின்று சிரித்தேன்.

மறுநாள் அவரே சைக்கிளைத் தன் படகில் ஏற்றி, அப்புறம் மாட்டு வண்டியில் வைத்துப் பொன்னேரி கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். பஜார் பூனை எல்லாம் வண்டிக்குப் பின்னால் ஊர்வலம் வந்தது. சைக்கிள் கடை தணிகாசலம் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தார். சக்கரத்தை நிமிர்த்திவிடலாம், ஃபிரேம் நெளிந்துவிட்டது, அது இனி ஆகாது என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். உங்கள் முதல் சம்பளத்தில் வாங்கியது என்று எனக்குத் தெரியாதா?

அவரிடம் ஒரு பழைய லேடீஸ் ஃபிரேம் இருந்தது. அதில் உங்கள் சக்கரம், உங்கள் சீட், உங்கள் பெல், உங்கள் கேரியர் எல்லாம் மாட்டிக் கொடுத்துவிட்டார். புது பிரேக் கட்டை போட்டார். ஆகையால் உங்கள் சைக்கிள் இருக்கிறது, பார் மட்டும் இல்லை. காக்கி பேண்ட்டைத் துவைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். பழைய ஃபிரேமை மாமா அதே கயிற்றில், அதே உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். நான் உட்கார்ந்த பார் என்பதால் அதைப் பழைய இரும்புக்குப் போட எனக்கு மனசு வரவில்லை. இதுதான் நான் மறைத்தது. மன்னித்துவிடுங்கள்.

இப்போது குவார்ட்டர்ஸ்.

வரமாட்டேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மற்ற பெண்கள் புருஷனோடு உட்கார்ந்திருக்கும்போது நான் மாமா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வருகிறேன் என்று எழுதவும் பேனா நகரவில்லை. அடுத்த இரண்டு மாதத்தில் குப்பங்களில் ஏழு பேருக்கு நாள் நெருங்குகிறது. நான் தோப்பில் திரும்பும்போதே பெல் சத்தம் கேட்டு வெந்நீர் போடுகிறார்களாம். இந்த நான்கு மாதத்தில் ஒரு பிள்ளையைக்கூட நாங்கள் இழக்கவில்லை. என் கையால் ஆனது இது என்று எனக்குப் பெருமையாக இருக்கிறது. இதை விட்டுவிட்டு இரண்டு தென்னையைப் பார்த்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

உங்கள் கூட்டாளி ஜெயராஜ் அண்ணன் சொன்ன செய்தியையும் எழுதிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டியில் முந்திரிக் காட்டை வெட்டி மட்டம் செய்து கம்பெனிகள் கட்டுகிறார்கள். அவரை ஃபிட்டராக எடுத்துக்கொண்டார்கள். "வெல்டருக்குத்தான் ஆளே கெடைக்கல, பாக்கியநாதன வரச் சொல்லு தங்கச்சி, காலைல ரயில்ல போய்க்கினு சாயங்காலம் ஊட்டுக்கு வந்துடலாம்" என்றார். சொன்னதைச் சொல்லியிருக்கிறேன். முடிவு உங்களுடையது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கிறிஸ்துமஸ் லீவுக்கு வாருங்கள். இரண்டு வருஷம் என்றுதானே போனீர்கள், இரண்டு வருஷம் முடிகிறது. பூநாரைக் கூட்டம் சதுப்பில் இறங்கிவிட்டது. பாரில் என்னை உட்கார வைத்து நீங்கள் மிதித்தீர்கள். ஒரு நாள் பின்னால் கேரியரில் உட்காருங்கள், நான் மிதிக்கிறேன். கால்வாய்க் கரை, சவுக்குத் தோப்பு, சதுப்பு, கடல் வரைக்கும் போய்விட்டுத் திரும்புவோம். லாரி வராது. போகிற வழியில் கங்கம்மாள் வீட்டில் இறங்கி அந்தக் குழந்தையை ஒரு தடவை தூக்குங்கள். வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகும் கப்பல் ஏறு என்று நீங்கள் சொன்னால், மறுபேச்சுப் பேசாமல் பெட்டி கட்டுகிறேன். இது சத்தியம். நான் சத்தியத்தை மீறாதவள் என்று உங்களுக்குத் தெரியும்.

மாமா உங்களுக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். கர்த்தர் உங்களைக் கடல் கடந்து பத்திரமாகக் கொண்டுவந்து எங்கள் வாசலில் சேர்க்கட்டும்.

உங்கள்
கிரேஸ்

பின்குறிப்பு: பிரேக் இப்போது நன்றாகப் பிடிக்கிறது, பயப்பட வேண்டாம். நீங்கள் சைக்கிளைச் சுற்றி வைத்த லுங்கியை மடித்துத் தைத்துக் கேரியருக்கு மெத்தை போட்டிருக்கிறேன். இதுவரை அதில் யாரையும் உட்கார விடவில்லை.