குன்றின் அடிவரை ஒரு பள்ளம்

மே 6

சின்னவனுக்கு,

இன்று காலை முதல் வேலையாக, வாட்ச்மேன் டீ குடித்து முடிக்கும் முன்பே ஆபீசுக்குப் போய், வரைபட அறையைத் திறந்தேன். விடுப்பில் வந்த சிப்பாயிடம் நீ கொடுத்தனுப்பிய கடிதம் பைக்குள் இருந்தது.

பதினான்காம் தேதி விடியலில் முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு நீ எதிரி இருக்கும் குன்றின்மேல் பாய வேண்டுமாம். அடிவாரம்வரை ஆளுயரப் பள்ளம் மறைவாகப் போகிறது என்கிறது மேப். தொலைநோக்கியில் உனக்குத் தெரிவதோ வெறும் புல்வெளி. "மேப் பொய் சொல்லுமா தம்பி?" என்று கமாண்டர் சிரித்தாராமே. எதிர்த்துக் கேட்டதற்காகத்தான் உன்னை இதற்குப் பொறுக்கி எடுத்தாரோ என்று தோன்றுகிறது.

அந்த மேப்பின் மூலத்தாள் மட்டும் அடுக்கில் இல்லை. மேலாளரிடம், "ஒரு தாளைக் காணோம் சார்" என்றேன். "அந்தக் குன்றுத் தாள் உங்களுக்கு எதுக்கும்மா?" என்றார். எந்தத் தாள் என்று நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

உன் பிரதியின் மூலையில், எங்களில் யார் அந்த நகலை வரைந்தார்களோ அவருடைய முதலெழுத்து இருக்கும். பார்த்து எழுது. சிப்பாய் நாளையே திரும்புகிறான்.

அம்மா

மே 9

அன்புள்ள அம்மா,

மூலை கிழிந்திருக்கிறது. எழுத்து தெரியவில்லை. இனி அதைத் தேடாதே.

ஆட்கள் எனக்குக் 'குட்டி சார்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முன்னால் நடப்பவன் குட்டையாக இருந்தால் பின்னால் வருபவர்களுக்கு வழி நன்றாகத் தெரியுமாம். நன்றாகச் சாப்பிடுகிறேன். உன் கண்ணாடியை மாற்று.

உன் சின்னவன்

மே 11

சின்னவனுக்கு,

தாள் மேலாளரின் பீரோவில் இருந்தது; சாவியை அவர் பூட்டிலேயே விட்டிருந்தார். பல வருடம் மடித்தே கிடந்திருக்கிறது. மடிப்பில் அழுக்கேறிக் கோடாகியிருக்கிறது. நகல் எடுத்தவர் அந்தக் கோட்டைப் பள்ளம் என்று நினைத்து வரைந்துவிட்டார். கூடவே இருந்த நகலின் மூலையில் என் முதலெழுத்து. நான் அதை வரைந்தது, நீ அம்மை போட்டுக் கிடந்த மாதம்.

உன் மேப்பின் மூலை கிழியவில்லை, இல்லையா?

"போன மாசமே பாத்துட்டேன். சரிபார்த்த கையெழுத்து என்னுதும்மா. இப்ப வாயைத் திறந்தா ரெண்டு பேருக்கும் வேலை போகும்" என்கிறார் மேலாளர். அடுத்த வாரம் திருத்தம் அனுப்பலாமாம். அவர் கண்ணெதிரே பீரோவைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தேன். தாள் என் புடவை மடிப்பில் இருந்தது.

தந்தி அடித்தால் முதலில் உன் கமாண்டர் கைக்குத்தான் போகும். அவரை நான் நம்பவில்லை. அவருக்கு மேலே இருப்பவரிடம், தப்பு என்னுடையது என்று நேரில் சொல்லித் தாளை விரித்துக் காட்ட வேண்டும். பஸ்ஸில் இரண்டு நாள்.

வீட்டிலும் ஆபீசிலும் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தையும் தபாலில் போடப்போவதில்லை. தாளோடு சேர்த்து நானே கொண்டுவருகிறேன்.

அம்மா