வாக்கில்லாதவர்களின் தேர்தல்

அண்ணை,

கியூபெக் வந்த நாள்முதல் நாங்கள் போகும் வில்லரேத் தமிழ்க் கடைக்கு இன்று காலை போனேன். கடைக்காரர் வேர்க்கொம்புக் கோப்பித்தூளைப் பொதியிலிருந்து போத்தலில் கொட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் விரும்பிக் குடிக்கும் அந்தச் சுக்கு வாசம் பட்டதும் நீங்கள் பக்கத்தில் வந்து நின்றது போல இருந்தது. அதற்குள் பின்னால் நின்ற இருவர், ஊரில் அடுத்த சனாதிபதித் தேர்தலில் எங்கள் சனம் யாருக்குப் போட வேண்டும் என்று சத்தம்போடத் தொடங்கிவிட்டார்கள். வாங்க வந்ததை வாங்காமலே வெளியேறினேன்.

போன தேர்தலின்போதும் இப்படித்தானே தொடங்கியது. தமிழருக்கென்று நின்ற பொது வேட்பாளருக்கே போட வேண்டும் என்றது ஒரு பகுதி. தெற்கில் புதிதாக எழுந்த சிங்கள வேட்பாளரை ஒருமுறை நம்பிப் பார்க்கலாம் என்றது இன்னொன்று. வாக்குச்சாவடிப் பக்கமே போகக்கூடாது என்றவர்களும் இருந்தார்கள். கூடப்பிறந்தவர்களே முகம் பார்க்காமல் திரிந்தார்கள். உங்கள் கூடப்பிறக்காத தம்பி நான், பொது வேட்பாளர் பக்கம். வேலைக்குப் போகும் வழியெல்லாம் உங்கள் காரில் வாதாடுவேன். "நீ சொல்லு, நான் கேக்கிறன்" என்பீர்கள். காரை விட்டு இறங்கும்போது எங்களுக்குள் கோபம் இருந்ததில்லை.

பிறகு அந்த மண்டபக் கூட்டம். பொது வேட்பாளருக்கு வாக்களிக்கும்படி ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஊருக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்ல வேண்டும் என்று ஒரு தீர்மானம் வாசித்தார்கள். நீங்கள் எழுந்தீர்கள்.

"இந்த மண்டபத்தில ஆருக்கு வோட் இருக்கு? எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. அங்க இருந்து சீவிக்கிறது என்ர தங்கச்சி. ஆருக்குப் போடு எண்டு அவவுக்குச் சொல்ல நான் ஆர்?"

"துரோகி" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அண்ணை சொன்னதில் என்ன பிழை என்று நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. மற்றப் பகுதிகளும் உங்களுக்கு ஆதரவாக வரவில்லை. தங்களோடு சேராதவர் கோழை என்றார்கள்.

இங்கே எந்தத் தமிழ் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய் நின்று, பிரெஞ்சில் பேசி, அலுவல் எல்லாம் பார்த்தது நீங்கள். அதை ஒருவரும் நினைக்கவில்லை. உங்கள் மகளின் கலியாணத்துக்குப் போகக்கூடாது என்று கைபேசிக் குழுக்களில் செய்தி ஓடியது. ஆற்றுக்கு அப்பால் புரோசார்ட் மண்டபத்தில் பெண்வீட்டுப் பக்கத்துக் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. மாப்பிள்ளை வீட்டார் கியூபெக் பிரெஞ்சுக்காரர். உங்கள் ஆட்கள் எங்கே என்று சம்பந்தி கேட்டார். பாலத்தில் சரியான நெரிசலாம், வந்துகொண்டிருக்கிறார்கள் என்று சிரித்தபடி சொன்னீர்கள். தாலி கட்டி முடிந்தும், பந்தி முடிந்தும், அதையே சொன்னீர்கள்.

அந்த மார்கழியில் வாசல் பனியை அள்ளும்போது விழுந்தீர்கள். பிறகு எழும்பவே இல்லை.

செத்த வீட்டுக்கு எல்லோரும் வந்தார்கள், அண்ணை. பாலத்தில் நெரிசல் இருக்கவில்லை. மலர்வளையங்களோடு வந்தார்கள். உங்களைத் துரோகி என்றவரும், கோழை என்றவரும், நீங்கள் உள்ளுக்குள் தங்கள் பக்கம்தான் என்று சொன்னார்கள். இரங்கலுரையை யார் முதலில் ஆற்றுவது என்று உங்கள் பெட்டிக்குப் பக்கத்திலேயே சண்டை. அண்ணி எழுந்து வந்து மைக்கைப் பிடுங்கினார்.

"என்ர பிள்ளையின்ர கலியாணத்துக்கு வராத ஆக்கள் ஒருத்தரும் இஞ்ச கதைக்கத் தேவையில்லை" என்று சொல்லி அதை ஐயரிடம் கொடுத்தார்.

மறுநாள் ஊரிலிருக்கும் உங்கள் தங்கையோடு பேசினேன். அழுகைக்கு நடுவில் சொன்னார்: "கனடா, லண்டன், பிரான்ஸ் எண்டு எல்லாரும் போன் எடுத்தவை, தம்பி. இன்னாருக்குப் போடு எண்டு ஒரே ஆக்கினை. அண்ணை மட்டும் அதைப்பற்றி ஒருநாளும் கேக்கேல்லை. கிணத்தில தண்ணி இருக்கோ, முழங்கால் நோ எப்பிடி எண்டுதான் கேப்பார்."

என் அக்காவும் அங்கேதான் இருக்கிறார். அவரோடு கதைக்கும்போது யாருக்குப் போடப் போகிறாய் என்ற கேள்வி நாக்கு நுனிவரை வருகிறது. விழுங்கிவிட்டு, மழை பெய்ததா என்று கேட்கிறேன். அந்த அளவுக்கு உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன். ஆனால் உங்கள் மகளின் பந்தியில் உட்காராதவர்கள் மெட்ரோவில் எதிரே வந்து கையை நீட்டும்போது, என் கை சட்டைப் பையை விட்டு வெளியே வருவதில்லை. நீங்கள் என்றால் கைகொடுத்திருப்பீர்கள். எனக்கு அந்த மனம் இன்னும் வரவில்லை.