கோகிலாவுக்கு நேரே காலியிடம்

அக். 28, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மாமாவின் துண்டுகள் ஒன்றும் காயவில்லை. லேபிள் மெஷினில் டேப் தீர்ந்தது. கம்பெனியில் கேட்கணும்.

இதுவரை ஒட்டியவை: துண்டு. வேட்டி. தட்டு. டம்ளர். மாத்திரை (சிவப்பு டேப்). கக்கூஸ் கதவில் அம்புக்குறி. பேனல் போர்டில் ஒயருக்கு ஒயர் பேர் ஒட்டிப் பழகிய கை. தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் மாமா வழி தெரியாமல் அடுப்படி மூலையில் போய் நிற்பார். இப்போது அம்பைப் பார்த்துத் தானே போகிறார்.

பீரோவின் வலது கதவில் மட்டும் லேபிள் இல்லை. உள்ளே கோகிலாவின் சேலைகள். அவள் படமும். ஸ்டுடியோவில் சுற்றிக் கொடுத்த பேப்பரை இன்னும் பிரிக்கவில்லை.

சாயங்காலம் சின்னம்மா ஆரம்பித்தார். மாமாவின் தங்கை, பக்கத்து வீடு. பகலில் மாமாவுக்கு அவர்தான் துணை.

"சனிக்கெழமயோட வருசமாகுது தம்பி. பெத்தவன் ஊட்டுல அவளுக்கு ஒரு படமில்ல, மால இல்ல, வெளக்கில்ல."

"மாமா பாத்துட்டா?"

"பாக்கட்டும். எத்தன நாளைக்கு ஒளிச்சு வெப்பீங்க?"

ஈரத் துண்டுகளைக் கொடியில் திருப்பிப் போட்டேன். கொசுவத்தி வாங்க மறந்தேன்.

அக். 29, புதன்

வெயில். யார் எங்கே என்று மாமாவுக்குத் தினம் எழுதும் போர்டு, 6.30க்கு எழுதியாச்சு.

இன்று புதன்.
நான் – கஞ்சிக்கோடு, கம்பெனி. 5.30க்கு வருவேன்.
சின்னம்மா – அடுப்படி.
கோகிலா –

மாமா விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். கடைசி வரியில் நின்றார்.

"ஏனுங்க மாப்ள, அம்மிணி எங்கீங்க? எழுதாம உட்டுட்டீங்க."

"குளிக்க வாங்க மாமா, தண்ணி ஆறுதுங்க."

"வெறும் வயித்தோட போயிருப்பா. பத்து மணிக்காச்சும் எதாச்சும் திங்கச் சொல்லுங்க."

மாமாவுக்கு ஒரே மகள். எனக்கு மூன்று வருஷ மனைவி. மாமாவைக் கண் டாக்டரிடம் ஸ்கூட்டரில் கூட்டிப் போனாள், வழியில் விபத்து. நாங்கள் அவளை எடுத்துக்கொண்டு போன அன்று மாமா நினைவில்லாமல் ஐசியூவில். பார்க்கவே இல்லை. பார்க்காதது அவருக்கு நடக்கவில்லை. சொன்னால் தங்காது.

முதல் மாதம் உண்மையைச் சொன்னேன். மாரில் அடித்துக்கொண்டு அழுவார். அரை மணியில் மறந்து திரும்பக் கேட்பார். ஒரு நாளைக்கு ஐந்து தடவை கோகிலா செத்தாள். அப்புறம் 'கோயமுத்தூர் போயிருக்கா' என்று எழுதிப் பார்த்தேன். வாசல் கேட் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அவள் வராமல் சோறும் இல்லை, மாத்திரையும் இல்லை. விடிவதற்குள் ஃபிட்ஸ்.

இப்போது காலியிடம். மூன்றில் இதுதான் பரவாயில்லை.

அக். 30, வியாழன்

வீட்டுக்கு வந்து பார்க்கும் பாலியேட்டிவ் நர்ஸ், மலையாளி, சிஸ்டர் பிந்து வந்தார். பிரஷர் நார்மல். நகம் வெட்டினார். சரியாக வராத இடது கைக்குப் பந்து அமுக்கும் பயிற்சி. மாமா பந்தை விட்டுவிட்டு, "இந்தப் புள்ள என்னைய ஸ்கூலுக்கு அனுப்பாம உடாதாட்ட இருக்குது" என்றார். சிஸ்டருக்குச் சிரிப்பு.

சிஸ்டர் போர்டைப் பார்த்தார். "இந்தப் பேரு யாரு எழுதினது?"

"நான்தான்."

"ஆளில்லாத பேரு எழுதி வெச்சா அச்சன் தேடத்தானே செய்யும், சேட்டா?" துணியை எடுத்தார், அழிக்க. கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது. அவர் கோபிக்கவில்லை. "பொய் சொல்ல வேண்டா. தினம் புதுசா மரணம் சொல்லவும் வேண்டா. ஒரு படம் வெக்கணும். கேட்டா காட்டி, கூட உக்காந்தாப் போதும்."

அவர் போனபிறகு போர்டு முன்னால் நின்றேன். கோ கி லா. தினம் இந்த மூன்றெழுத்து. அவளுக்காக நான் செய்ய மிச்சமிருக்கிற ஒரே வேலை. மாமா "எங்கீங்க" என்று கேட்கும்போது ஒரு விநாடி நானும் கேட்டைப் பார்க்கிறேன். தினமும். மாமா மேல் பொறாமையாக இருக்கிறது. இதை யாரிடம் சொல்ல.

அக். 31, வெள்ளி

5.45க்கு வந்தேன். சின்னம்மா பால் சொசைட்டிக்குப் போயிருந்தார். மாமா நாற்காலியில் இல்லை.

தப்பு என்னுடையது. காய்ந்த துண்டுகளைக் கொடியிலிருந்து எடுத்து வைக்காததால் 'துண்டு' அலமாரி காலி. மாமா துண்டைத் தேடி ஒவ்வொரு லேபிளாகப் படித்துக்கொண்டே போயிருக்கிறார். எல்லாம் பார்த்தபிறகு, லேபிள் இல்லாத கதவைத் திறந்துவிட்டார்.

சேலைகள் தரையில். பேப்பர் கிழிந்து கிடந்தது. கீழே தோற்றம், மறைவு என்று அச்சிட்ட படம் அவர் மடியில். கோகிலாவின் சேலை முந்தியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மால போடலீங்களா மாப்ள?"

"இல்லீங்க மாமா."

"எத்தன நாளாச்சுங்க?"

"நாளையோட வருசங்க."

"நா எங்கீங்க இருந்தேன்?"

"ஆஸ்பத்திரியில."

கொஞ்ச நேரம் துடைத்தார். "நெருப்பு நீங்க வெச்சீங்களா?"

"ஆமாங்க."

"ஒத்தையிலயா."

ஒரு வருஷத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. சேலைகள் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் வாசம் இல்லை, அந்துருண்டை வாசம்தான். மாமாவின் நல்ல கை என் தலைமேல். சின்னம்மா பால் தூக்கோடு வாசல்படியில் நின்று பார்த்துவிட்டு, அடுப்படிக்குப் போனார்.

மாத்திரை நாற்பது நிமிஷம் லேட்.

நவ. 1, சனி

மழை. திதி முடிந்தது. காக்கா வந்தது, தாமதமாக. படத்தை போர்டுக்குப் பக்கத்தில் டிரில் போட்டு மாட்டினேன். லெவல் பார்த்து. வாசல் செடியிலிருந்து செவ்வந்தி பறித்துக் கட்டிய மாலை. மாமா இலையில் உட்கார்ந்து, "என்ன விசேசமுங்க?" என்றார். நேற்றையது போய்விட்டது. எனக்கு மட்டும் இருக்கிறது.

மதியம்: "அம்மிணி எங்கீங்க?" படத்தைக் காட்டினேன். அழுதார். மாரில் அடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நவ. 2, ஞாயிறு

வானம் விட்டிருக்கிறது. 6.30.

இன்று ஞாயிறு.
நான் – வீட்டில்.
சின்னம்மா – சந்தை.

மார்க்கரை மூடினேன். திறந்தேன். மூடினேன்.

மாமா வந்து விரல் வைத்துப் படித்தார். சந்தைக்குக் கீழே விரல் சும்மா நின்றது. அப்புறம் மேலே படத்துக்குப் போனது. கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"பூ வாடிப் போச்சுங்க மாப்ள. வேற பறிச்சுட்டு வாறேன்."

செவ்வந்திச் செடிக்கு நான் அம்புக்குறி எதுவும் ஒட்டவில்லை. தானே போனார்.