குளிரில் நின்ற ஊசி

இரண்டு முறை சவர்க்காரம் போட்டுக் கழுவியும் கையை விட்டு அந்த இனிப்பு வாசம் போகவில்லை. ரேடியேட்டருக்கு ஊற்றும் பச்சைத் தண்ணீர் கொதித்தால் வருமே, அந்த வாசம். கராஜில் வேலை முடிந்து நீங்கள் வரும்போது உங்கள் சட்டையில் இருக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு உங்களைக் கிணற்றடிக்குத் துரத்துவேன். இன்று அதே வாசம் என் கையில். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் கண்மூடிய பிறகு உங்கள் வான் வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். போன கிழமை ஒரு காலையில் சாவியைத் திருப்பிய உடனேயே வெப்பம் காட்டும் ஊசி சிவப்பில் போய் நின்றது. இரவு முழுக்கச் சும்மா கிடந்த எஞ்சின் எப்படிச் சுடும்? இருபது வருடம் உங்களோடு குடும்பம் நடத்தியவளுக்கு அதுகூடவா தெரியாது. எஞ்சின் சூட்டை அளந்து ஊசிக்குச் சொல்லும் சென்சரின் வயரைக் கழற்றினேன். ஊசி விழுந்து குளிர்ப் பக்கம் படுத்துக்கொண்டது. வயரில் பிழையில்லை, சென்சரில்தான் என்று விளங்கியது.

உறுதிக்காக நீங்கள் செய்வதையும் செய்தேன். சென்சரைக் கழற்றிச் சட்டித் தண்ணீரில் போட்டு, அடுப்பில் வைத்து, மின்தடை அளக்கும் மீற்றரைப் பிடித்தேன். தண்ணீர் சூடேற ஏற எண் இறங்கி வரவேண்டும். அது அசையவே இல்லை. நீங்கள் முதன்முதலில் இந்த வேலையைச் செய்தது என் பால்சட்டியில். மூன்று நாள் உங்களோடு நான் கதைக்கவில்லை. இந்த முறை பால்சட்டியை நானே எடுத்தேன்.

புதிய சென்சர் கொழும்பிலிருந்து வர ஒரு கிழமை ஆகும் என்றார்கள். பழையதையே திரும்பப் பூட்டி, வயரைக் கழற்றியபடி விட்டு ஓட்டினேன். இனி எஞ்சின் எவ்வளவு சூடானாலும் ஊசி குளிரிலேயே கிடக்கும்.

இன்று முசலியில் ஒரு ஞானஸ்நானம். தலைமன்னாரிலிருந்து உங்கள் தம்பி குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனேன். மன்னார் ரவுணைக் கடந்து பாலத்துக்குப் போகும் தாம்போதி றோட்டில், இரண்டு பக்கமும் கடல், அங்கே வைத்து வாசம் வந்தது. கொஞ்சத் தூரம் போய் ஓரமாக நிறுத்தினேன்.

உங்கள் தம்பி கடல்காரர். படகு எஞ்சினுக்குக் கடலே தண்ணீர் கொடுக்கும், சூடானால் தண்ணீர் காட்டினால் போதும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம். நான் கதவைத் திறந்து இறங்குவதற்குள் தண்ணீர்க் கானைத் தூக்கிக்கொண்டு கரைக் கல்லில் இறங்கி, கடல் தண்ணீரை மொண்டு வந்துவிட்டார். எஞ்சினை மூடியிருக்கும் முன் சீற்றைத் தூக்கினார். ரேடியேட்டர் மூடியைப் பார்த்தார், பிறகு ஊசியை எட்டிப் பார்த்தார்.

“பயப்பிடாதேங்கோ மச்சாள், ஊசி குளிரிலதான் நிக்குது,” என்றபடி மூடியில் துணியைப் போட்டுக் கையை வைத்தார். முகம் மூடிக்கு நேர் மேலே இருந்தது.

கத்தி நிறுத்த நேரமில்லை. கொலரைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் றோட்டில் விழுந்தோம். மூடி கொஞ்சம் திரும்பியிருக்க வேண்டும், நீராவி சீறிக்கொண்டு போய் வானின் கூரையில் அடித்தது. ஒரு நொடிக்கு முன்னால் அவருடைய கண்கள் இருந்த இடம் அது. உள்ளேயிருந்து பிள்ளைகள் அழுதார்கள்.

“அது பொய், தம்பி. வயரைக் கழட்டினது நான்.” என்றபடி பிள்ளைகளை இறக்கினேன்.

வயர் கழற்றிய வான் எதுவானாலும் அதன் ஊசியின் மேல் நீங்கள் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை ஒட்டி மறைத்துவிடுவீர்கள். எஞ்சினுக்கும் காயமோ என்று கேட்டுச் சிரிப்பேன். பயந்தாங்கொள்ளி என்பேன். “சிரியும். செத்த ஊசியை ஆராவது நம்பிப்போடுவினம்,” என்பீர்கள். பிளாஸ்டர் அலுமாரியில்தான் கிடந்தது. ஓட்டுவது நான், வேறு யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

எஞ்சின் ஆறும்வரை காற்றில் ஒரு மணித்தியாலம் நின்றோம். ரேடியேட்டரின் கீழ்க் குழாயில் சின்ன வெடிப்பு. அதைக் கட்டி, ஒரு வீட்டில் நல்ல தண்ணீர் வாங்கி ஊற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்குத் தண்ணீர் வார்த்து முடிந்திருந்தது. உங்கள் தம்பி சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் இதைச் சொல்லிச் சிரித்தார். மச்சாள்தான் என் கண்ணைக் காப்பாற்றினா என்றார். எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். நான் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

அவர்களிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். வாசம் வந்த உடனே நான் நிறுத்தவில்லை. ஊசியைப் பார்த்தேன். குளிரில் இருந்தது. அந்த வயரைக் கழற்றியது என் கை, அந்தச் சென்சர் செத்துக் கிடந்ததைப் பார்த்தது என் கண். இருந்தும் அப்பாடா என்று மூச்சு விட்டு, இன்னும் கொஞ்சம் வேகமாக மிதித்தேன். பின்னால் அத்தனை பிள்ளைகள் இருந்தார்கள்.

நாளைக்கும் வானை எடுக்க வேண்டும். புதிய சென்சர் வந்துவிடும், குழாயும் மாற்றிவிடலாம். அப்படி மூச்சு விட்டவள்தான் நாளைக்கும் ஓட்டப் போகிறாள், அவளை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.