தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த செடி

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தேதி போடவில்லை. வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொள்ள வருவதாக எழுதியிருக்கிறாய். அந்த வரியில் மட்டும் உன் எழுத்து கோணியிருக்கிறது.

என் மணிக்கட்டு எலும்பு கூடிவிட்டது. போன வாரம் கட்டைப் பிரித்தார்கள். உள்ளே தோல் அழுக்குத் திரியாக உரிந்தது. மூன்று முறை சோப்புப் போட்டும் நாற்றம் போகவில்லை. அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன்.

மாடித் தக்காளியைப் பற்றி எழுதவே அருவருப்பாக இருக்கிறது. நான் மாடி ஏறாத ஆறு வாரத்தில் உன் தம்பி ஐந்து வாளிச் செடிகளிலும் இலையை ஒன்றுவிடாமல் உருவிவிட்டான். கத்தரிக்கோல்கூட எடுக்கவில்லை. கையால் இழுத்து, தண்டுத் தோலையும் சேர்த்துக் கிழித்திருக்கிறான். மூலையில் குவித்த இலை மழையில் அழுகிக் கறுத்துக் கொழகொழவென்று தண்ணீர் போகும் துளையை அடைத்திருந்தது. அதில் புழு. கையிலிருந்த பச்சைக் கறையை என் முகத்துண்டில் துடைத்திருக்கிறான்.

ஏன் செய்தாய் என்று கேட்டேன். "இலை சும்மா உக்காந்து சாப்பிடுதும்மா. எடுத்துட்டா எல்லாம் காய்க்குப் போயிடும்" என்றான். வயது நாற்பத்திரண்டு.

சமைப்பது இலை, சாப்பிடுவது காய் என்று எங்கள் பள்ளிக் கன்னியாஸ்திரி எட்டாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார். இலை வெயிலில் செய்யும் சர்க்கரையில் பெரும்பங்கைக் காய்க் குலைகள் இழுத்துக்கொள்ளும். காய் கூடக்கூட வேருக்குப் போவது குறையும். இலையே இல்லையென்றால் கேட்கவே வேண்டாம். ஒரு செடியைப் பிடித்தேன், முரண்டு பிடிக்காமல் கையோடு வந்துவிட்டது. வேர் பழுப்பேறி நைந்திருந்தது. பழமோ, வெயில் சுட்ட வெள்ளைத் தழும்போடு வாயில் ஊறிய காகிதம் மாதிரி இருந்தது. துப்பிவிட்டேன்.

அன்று சாப்பாட்டு மேசையில் அதே மேதைதான் உன்னைப் பற்றியும் பேசினான். "அக்காவுக்கு என்னம்மா, அங்க தனியாத்தானே இருக்கா. வந்துட்டா எல்லாருக்கும் நல்லது." அவன் மனைவி எனக்கு இன்னும் ஒரு கரண்டி வைக்க வந்தாள். தட்டைத் தள்ளி வைத்தேன்.

அவனை மட்டும் சொல்லிப் பயனில்லை. பதினெட்டு வயதில் உன் படிப்பை ஒரு வருடம் நிறுத்தி உன்னை வீட்டில் உட்கார வைத்தது நான். அவன் பரீட்சை எழுத வேண்டும், வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்றேன். நீ புத்தகங்களைப் பரண்மேல் ஏற்றினாய். அன்று நன்றாகத்தான் தூங்கினேன்.

ராஜினாமாக் கடிதத்தைக் கொடுக்காதே. கொடுத்திருந்தால் போய்த் திரும்ப வாங்கு. எனக்கு இரண்டு கை இருக்கிறது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த ஆறாவது செடி அவன் கண்ணில் படவில்லை. இலையெல்லாம் அப்படியே இருக்கிறது. முதல் பழத்தில் பாதியைத் தின்றேன், அத்தனை இனிப்பு. மறுபாதியை உனக்கென்று மூடி வைத்தேன். என்ன புத்தியோ. மூன்றாம் நாள் பூஞ்சை பிடித்து, அதையும் நானே கொட்டினேன்.

அடுத்த குலை இன்னும் காய்தான். பத்து நாள் லீவில் வா. வந்து ஒரு வேலையும் செய்யாதே, உட்கார்ந்து சாப்பிடு. எப்போது என்று எழுது. இந்த முறையாவது தேதி போடு.

வெயில் படும் பக்கமாகவே நில், கண்ணே.

அம்மா