முதல் சேனல்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

மாமா இப்போது தலையணையைச் சாய்த்து வைத்தால் உட்காருகிறார் என்று படித்ததும் இங்கே எனக்கும் என் மனைவிக்கும் மூச்சு வந்தது. இடுப்பெலும்பு மெதுவாகத்தான் கூடும். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

இங்கே ஒரு சின்னத் தொல்லை. லிஃப்ட் கம்பெனி வேலையை விட்டு நான் தனியாக ரிப்பேர் கடை போட்டபோது நீ வாங்கித் தந்த ஆசிலாஸ்கோப், அந்த மின்அலை பார்க்கும் பெட்டி, மக்கர் பண்ணுகிறது. முதல் சேனலில் வயரைச் செருகினால் திரையில் அலை வருகிறது; வயரை லேசாகத் தொட்டால் கோடு செத்துப்போகிறது. இரண்டாவது சேனலுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் லிஃப்டை இயக்கும் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்க இரண்டும் சேர்ந்து வேண்டும். வாரண்டி இன்னும் முடியவில்லை என்பதால் கம்பெனிக்கே அனுப்பலாம் என்று இருக்கிறேன். பில் உன்னிடம்தான் இருக்கும், தேடி அனுப்பு.

போனில் கூப்பிட்டால் மாமா விழித்துக்கொள்வார் என்றுதான் எழுதுகிறேன்.

உன் தம்பி


மார்ச் 15

என் குட்டிக்கு,

வாரண்டியா? பேசுவது நீதானா? புது மிக்சியை வீட்டுக்கு வந்த அன்றே பிரித்துப் போட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நீ!

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் குப்பை கொட்டியவள் சொல்கிறேன், கேள். தொட்டால் கோடு போகிறது என்றால், வயர் செருகுகிற சாக்கெட்டின் காலில் சால்டர் வைத்த ஈயம் விட்டுப்போயிருக்கும். பின்னால் இருக்கிற ஸ்குரூக்களைக் கழற்றி ஒரு சொட்டுச் சால்டர் வைத்தால் தீர்ந்தது. காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை. ஸ்குரூ மேல் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி போய்விடும் என்று பயமா? போனால் போகட்டுமே. மலிவு மாடலுக்கு அவர்கள் எவ்வளவு மெனக்கெடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

இருந்தாலும் கேட்டுவிட்டாய். பில் இத்துடன்.

மாமா உன்னை விசாரித்தார். "அவனுக்கே ரிப்பேரா?" என்று சிரித்தார். அவர் சிரித்து நாளாயிற்று.

உன் அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடியே ஆயிற்று. கம்பெனிக்கு அனுப்பினேன். குறை ஏதும் இல்லை என்று சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போன் பண்ணினால் ஒரு பெண் எடுத்தாள்.

"சார், எங்க இன்ஜினியர் செக் பண்ணிட்டாரு. நல்லா ஓடுது."

"வயரைத் தொட்டுப் பாருங்கன்னு பெட்டி மேலயே எழுதி ஒட்டியிருந்தேனேம்மா?"

"தொட்டு ஆட்டிப் பாக்கறதெல்லாம் டெஸ்ட்ல கிடையாது சார்."

மறுபடியும் அனுப்பினேன். இந்தத் தடவை குறையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சாக்கெட்டில் வெளியிலிருந்து அடி பட்டிருக்கிறதாம், அதற்கு வாரண்டி செல்லாதாம். நான் எங்கே அடித்தேன்? அதே பெண்ணிடம் கத்தினேன். அவள் பாவம், "நான் என்ன சார் பண்ணட்டும்?" என்றாள். போனை வைத்துவிட்டேன்.

இதற்கிடையில் ஒரு அடுக்குமாடி வீட்டு லிஃப்ட் போர்டு என் மேசையில் கிடக்கிறது. அங்கே நாலாவது மாடியில் ஒரு டீச்சரம்மா, சக்கர நாற்காலியில் இருப்பவர். "என்னப்பா, நான் எப்பதான் தரையில இறங்கறது?" என்று தினமும் கேட்கிறார்.

என்ன செய்வது என்று தெரியவில்லை.

உன் தம்பி


மே 2

குட்டி,

படித்ததும் கோபம்தான் வந்தது. கம்பெனி மேல் இல்லை, உன் மேல். வாரண்டிதான் போய்விட்டதே, இனி அந்த ஸ்டிக்கரைக் கட்டிக்கொண்டு ஏன் அழுகிறாய்? ஒரு அம்மாள் மாடியில் அடைந்து கிடக்கிறார், நீ கூரியர்காரனை எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். உனக்கு என்னடா வந்தது? உடம்பு வணங்கவில்லையா? இப்படிக் கைகட்டி நிற்கவா தனியாகக் கடை போட்டாய்?

இந்தக் கடிதம் கிடைத்த உடனே அதைப் பிரி. பிரித்துவிட்டு எழுது.

அக்கா


மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

பிரித்தேன்.

நீ சொன்ன இடத்தில்தான் விரிசல். பூதக்கண்ணாடியில் பார்த்தால் முடி மாதிரி தெரிந்தது. உண்மையாகவே ஒரு சொட்டு வேலைதான்.

அக்கா, என் வலது கை நடுங்குகிறது. போன மழைக்காலத்தில் தொடங்கியது. முதலில் டம்ளர் பிடிக்கும்போது, அப்புறம் சால்டர் குச்சியை எடுத்தால் மட்டும், இப்போது எதையும் பிடிக்காவிட்டாலும். டாக்டரிடம் போனோம். "அதிகமாகாம பார்த்துக்கலாம். போயிடும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். உனக்கு இருக்கிற கஷ்டத்தில் இதையும் சேர்க்க வேண்டாம் என்றுதான் மறைத்தேன். வாரண்டி, வாரண்டி என்று நான் தொங்கியது இதனால்தான்.

உன் கடிதம் வந்த அன்று என் மனைவி விளக்கைப் பிடித்தாள். இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திக்கொண்டு சால்டர் வைத்துப் பார்த்தேன். குச்சி வழுக்கிப் பக்கத்தில் சுட்டது. "நான் பிடிச்சுக்கறேங்க" என்று அவளே என் கையைப் பிடித்தாள். இன்னும் மோசமாயிற்று. சாக்கெட்டுக்கு அடியில் இருந்த செம்புத் தகடே உரிந்து வந்துவிட்டது. அவள் விளக்கை அணைத்துவிட்டு, "போதும், எழுந்திருங்க" என்றாள்.

லிஃப்ட் போர்டை வேறு கடைக்குக் கொடுத்துவிட்டேன். அவர்கள் சரிசெய்துவிட்டார்கள். டீச்சரம்மா போன் பண்ணி, "இறங்கிட்டேன்பா, நல்லா இரு" என்றார். நான் செய்யவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் வைத்துவிட்டார்.

ஸ்கோப்பை உனக்கு அனுப்பியிருக்கிறேன். தூக்கிப் போட மனசு வரவில்லை.

நீ திட்டியதை மனசில் வைத்துக்கொள்ளவில்லை. நீயும் வைத்துக்கொள்ளாதே.

உன் தம்பி


ஜூன் 14

என் கண்ணு குட்டிக்கு,

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டத் தொடங்கினேன். பாதிக்கு மேல் படிக்க முடியாமல் அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். "போய்ப் பார்த்துட்டு வா, நான் சமாளிச்சுக்கறேன்" என்கிறார். அவரால் தண்ணீர் கூட எட்டி எடுக்க முடியாது. இரண்டு தடவை பயணப் பெட்டியைக் கீழே இறக்கினேன். இரண்டு தடவையும் பரணில் ஏற்றிவிட்டேன். உன்னைத் திட்டிய வாய்க்கு, சே, எழுதிய கைக்கு என்ன சொல்வது? ஏதாவது எழுதினாலும் அது போதாது.

ஸ்கோப் பத்திரமாக வந்தது. மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் மேசையைப் போட்டுப் பிரித்தேன். அந்தச் சாக்கெட்டைச் சுற்றி இருக்கிற சூட்டுத் தழும்புகளைப் பார்த்தேனடா. நீ எழுதியது ஒரு நாள் கதை. அவை ஒரு நாளில் விழுந்தவை இல்லை என்று தெரிந்தது. எத்தனை ராத்திரி முயன்றாயோ.

உரிந்த இடத்தில் மெல்லிய கம்பியை வைத்துச் சால்டர் போட்டேன். அவ்வளவு சீக்கிரம் முடிந்தது, எனக்கே கூச்சமாக இருந்தது. ஆன் பண்ணி வயரை ஆட்டிப் பார்த்தேன். மாமாவும் கையை நீட்டி ஆட்டினார். முதல் சேனலில் அலை ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை.

சந்தோஷமாகத்தான் பொட்டலம் கட்டினேன். முகவரி எழுத உட்கார்ந்தபோதுதான் திகைத்துப்போனேன். இதை அங்கே அனுப்பினால் தினமும் உன் எதிரே உட்கார்ந்துகொண்டு உன்னை ஏதோ கேட்பது போல இருக்குமோ? அனுப்பாவிட்டால், இனி உனக்கு இது வேண்டாம் என்று நானே தீர்த்துவிட்டது போல ஆகிவிடுமோ? மாமாவிடம் கேட்டேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பொட்டலம் வாசற்கதவுப் பக்கம் இருக்கிறது. எனக்கு எதுவும் தோன்றவில்லை குட்டி.

அனுப்பட்டுமா?

உன் அக்கா